சிலேட்டும் ரிஜிஸ்டரும்: லாட்ஜ் அறைப் பதிவுக்கு எந்தத் தரவுத்தளம், எங்கே கேஷ்?

ஹவுரா, குவாஹாட்டி, தன்பாத் பக்கமிருந்து வரும் ரயில்கள் காட்பாடி சந்திப்பில் நிற்கும்போது இறங்குகிறவர்களில் பலர் வைத்தியத்துக்காக வேலூர் வருகிறவர்கள். நீண்ட பயணக் களைப்போடு, மருத்துவ அறிக்கைகள் அடங்கிய பிளாஸ்டிக் உறையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆட்டோவில் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து காந்தி ரோட்டுக்கோ தோட்டப்பாளையத்துக்கோ வந்து சேரும் அவர்களுக்கு முதலில் வேண்டியது ஓர் அறை. சமைத்துக்கொள்ள வசதியுள்ள அறையாக இருந்தால் இன்னும் நல்லது. பரிசோதனை முடிவுகள் வந்து, அடுத்த தேதி கிடைத்து, ஊர் திரும்ப எத்தனை நாளாகும் என்பது அவர்களுக்கே தெரியாது. இவர்களுக்காக லாட்ஜ் அறைகளை முன்பதிவு செய்துதரும் ஒரு சிறிய மென்பொருளை நாங்கள் சத்துவாச்சாரியில் இருந்து நடத்திவருகிறோம்.

சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில், எங்கள் வழியாகப் பணம் கட்டி உறுதிச்செய்தியும் பெற்ற ஒரு குடும்பம், சிகிச்சைக்கு அழைத்து வந்த முதியவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தபடி லாட்ஜ் வாசலில் நின்றது. அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட அறையில் வேறொரு குடும்பம் தூங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் இன்னும் இரண்டு நாள் இருக்கச் சொல்லிவிட்டார் என்று உள்ளே இருந்தவர்கள் முந்தின நாள் மாலை கேட்க, லாட்ஜ் மேலாளர் அந்த நீட்டிப்பை எங்கள் செயலியில் முறையாகப் பதிந்திருந்தார். தரவுத்தளத்திலும் அது சரியாகவே ஏறியிருந்தது. ஆனால் காலி அறைகளின் பட்டியலை 10 நிமிட ஆயுளுடன் கேஷ் நினைவகத்தில், அதாவது தரவுத்தளத்தை ஒவ்வொரு முறையும் கேட்காமல் விரைவாகக் காட்டுவதற்கான தற்காலிகப் படியாக, நாங்கள் வைத்திருந்தோம். அந்த 10 நிமிடத்துக்குள் ரயிலில் இருந்தபடி பதிவு செய்த குடும்பத்துக்குப் பழைய பட்டியல் காட்டப்பட்டது. அதைவிடப் பெரிய பிழை, முன்பதிவை எழுதும் நிரலும் தரவுத்தளத்தைக் கேட்காமல் அந்தப் பட்டியலையே நம்பியது. தவறு முழுக்க எங்களுடையது.

அந்த லாட்ஜின் வாசல் தூணில் ஒரு சிலேட்டு மாட்டியிருக்கும். ‘டபுள் 3, சிங்கிள் 1’ என்று சாக்பீஸால் எழுதியிருப்பார்கள். கவுன்டரில் நீளமான ரிஜிஸ்டர் நோட்டு இருக்கும். மன்னிப்புக் கேட்கப் போன என்னிடம் மேலாளர் கோபப்படவில்லை, “சிலேட்ட பாத்து யார்னா சாவி குடுப்பாங்களா தம்பி? நோட்ட பாத்துதான குடுப்போம்” என்று மட்டும் சொன்னார். கேஷுக்கும் தரவுத்தளத்துக்கும் உள்ள உறவைப் பற்றி நான் படித்தவற்றில் எதுவும் அந்த ஒரு வரி அளவுக்கு என் மனத்தில் தைக்கவில்லை. தெருவில் போகிறவர் உள்ளே வரலாமா, அடுத்த லாட்ஜுக்குப் போகலாமா என்று முடிவு செய்வதற்குச் சிலேட்டு போதும். சாவி கைமாறும் இடத்தில் அதற்கு வேலை இல்லை.

இப்போது எங்கள் சேவையை ராணிப்பேட்டை, ஸ்ரீபுரம், திருவண்ணாமலை வரை நீட்டப் போகிறோம். 1989இல் வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டாலும், லாட்ஜ் தொழிலில் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஆளும் முதலும் இன்றும் போய்வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் இரண்டு ஊர்களின் கூட்டமும் ஒரே மாதிரியானதல்ல. வேலூரில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராக ஆட்கள் வருகிறார்கள். திருவண்ணாமலையிலோ பௌர்ணமி கிரிவலத்துக்கும் கார்த்திகை தீபத்துக்கும் எல்லோரும் ஒரே நாளுக்கு அறை தேடுகிறார்கள். இந்தச் சுமையைத் தாங்க, தேவைக்கேற்ப விரியக்கூடிய, பல கணினிகளில் பரவலாக்கப்பட்ட தரவுத்தளத்துக்கு மாற வேண்டுமா, இருக்கும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தையே வலுப்படுத்தி முன்னால் நல்ல கேஷ் அடுக்கு ஒன்றை வைத்தால் போதுமா என்பதுதான் எங்கள் முன் இருந்த கேள்வி. அந்த ஒப்பீட்டை, இதே நிலையில் இருக்கும் பிற சிறு நிறுவனங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு

எந்தத் தரவுத்தளம் என்று கேட்பதற்கு முன், எவ்வளவு எழுதப்படும், எவ்வளவு படிக்கப்படும் என்பதைத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். 300 லாட்ஜுகள், ஒவ்வொன்றிலும் 25 அறைகள் என்று வைத்துக்கொள்வோம்; மொத்தம் 7,500 அறைகள். ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி எழுதினாலும் ஆண்டுக்கு 27,37,500 வரிகள்தாம்; வரிக்கு 200 பைட் என்றால் ஏறத்தாழ 550 எம்பி. இன்று கையிலிருக்கும் சாதாரணக் கைபேசியின் நினைவகத்திலேயே இது அடங்கிவிடும். தரவின் அளவு நம்மைப் பரவலாக்கப்பட்ட அமைப்புக்குத் தள்ளவில்லை என்பது இதிலேயே தெளிவாகிறது.

அடுத்தது வேகம். தீபத்துக்கான முன்பதிவு திறக்கும் நாளில், ஒரு மணி நேரத்துக்குள் 1 லட்சம் பேர் பக்கத்தைத் திறந்து, ஆளுக்கு 20 முறை தேடினால் 20 லட்சம் கோரிக்கைகள். விநாடிக்கு ஏறத்தாழ 556. இவை எல்லாம் படிப்பு. எழுத்தோ, விற்பதற்கு உள்ள அறைகளின் எண்ணிக்கையைத் தாண்ட முடியாது. 7,500 அறைகளும் அந்த ஒரே மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தாலும், வெற்றி பெறும் எழுத்து விநாடிக்கு இரண்டைச் சற்றே தாண்டும். ஒவ்வொரு அறைக்கும் பத்துப் பேர் முட்டி மோதினாலும் விநாடிக்கு 21 முயற்சிகள்தாம். படிப்பு மக்கள் தொகையைப் பொறுத்து வளர்கிறது, எழுத்து அறைகளைப் பொறுத்து வளர்கிறது. என் முடிவுகள் அனைத்துக்கும் இந்த வேறுபாடே அடிப்படை. சமூக ஊடகம் நடத்துகிறவருக்கோ, லட்சக்கணக்கான மின்மீட்டர்களிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை தரவு பெறுகிறவருக்கோ இந்தக் கணக்கு வேறு விதமாக வரும். அவர்கள் எடுக்கும் முடிவும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

மூன்று தரவுத்தளங்கள்

முதல் வழி, மேகத்தில் (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளில்) ஒரே ஒரு முதன்மைப் போஸ்ட்கிரஸ் சர்வர். அதனுடன் படிப்பதற்கு மட்டும் ஒன்றிரண்டு நகல் சர்வர்கள். இதன் பெரிய பலம், ஒரு பரிவர்த்தனை முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காது என்ற உறுதி. எங்கள் தொழிலுக்கு இன்னொரு பலமும் உண்டு. வேலூர் லாட்ஜுகளில் பலவற்றில் 24 மணி நேரக் கணக்குதான். காலை 5 மணிக்கு வந்தவர் மறுநாள் காலை 5 மணி வரை இருக்கலாம். எனவே ‘இந்த நாள் காலி’ என்று நாள் கணக்கில் பேச முடியாது. ‘இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை’ என்று இடைவெளியாகத்தான் பேச வேண்டும். 2010இல் வெளிவந்த 9.0 பதிப்பிலிருந்து போஸ்ட்கிரஸில் விலக்கு விதி என்ற வசதியும், 2012இல் வந்த 9.2 பதிப்பிலிருந்து இடைவெளி என்பதையே ஒரு தரவு வகையாகச் சேமிக்கும் வசதியும் இருக்கின்றன. ஒரே அறை எண்ணுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இரண்டு நேர இடைவெளிகள் இருக்கக் கூடாது என்று ஒரு முறை விதி எழுதிவிட்டால், எங்கள் நிரலில் என்ன பிழை இருந்தாலும், எத்தனை சர்வர்கள் ஒரே நேரத்தில் முட்டினாலும், இரண்டாவது பதிவைத் தரவுத்தளமே மறுத்துவிடும். இந்த விதி அன்றைக்கு இருந்திருந்தால், பழைய கேஷை நம்பிய எங்கள் நிரல் உறுதிச்செய்தி அனுப்பியிருக்க முடியாது, பிழைச்செய்தி காட்டியிருக்கும், அந்தக் குடும்பம் ரயிலில் இருக்கும்போதே வேறு அறை தேடியிருக்கும்.

இதன் குறை, எழுத்து முழுவதும் ஒரே சர்வரைச் சார்ந்திருப்பது. அமேசானின் நிர்வகிக்கப்படும் சேவையில், தனி மின்சார வசதியுள்ள வேறொரு வளாகத்தில் ஒத்திசைந்த மாற்று சர்வர் ஒன்றை வைத்துக்கொண்டால், முதன்மை விழுந்ததும் பொறுப்பு கைமாறப் பெரும்பாலும் 60 முதல் 120 விநாடிகள் ஆகும் என்று அந்நிறுவனமே சொல்கிறது. ஆண்டில் எப்போதோ இரண்டு நிமிடம் முன்பதிவு நிற்பதை நாங்கள் தாங்கிக்கொள்வோம். படிப்பு நகல்கள் முதன்மையைவிடச் சற்றுப் பின்தங்கியே ஓடும் என்பது இன்னொரு குறை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது வழி, டைனமோடிபி, கசாண்ட்ரா போன்ற சாவி சார்ந்த தரவுத்தளங்கள். இங்கே சாவி என்பது அறைச் சாவியல்ல, ஒரு தரவைத் தேடியெடுக்க உதவும் அடையாளப் பெயர். இவற்றுக்கு மூலமாக அமைந்தது 2007இல் அமேசான் வெளியிட்ட டைனமோ ஆய்வுக் கட்டுரை. அதை எழுதியவர்களில் ஒருவரான அவினாஷ் லக்ஷ்மணே பின்னர் பேஸ்புக்கில் கசாண்ட்ராவை உருவாக்கியவர்களில் ஒருவர். அது 2008இல் திறந்த மூலமாக வெளிவந்தது. இவை தரவைச் சாவியின் அடிப்படையில் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு துண்டையும் பல படிகளாக வைத்துக்கொள்கின்றன. கணினிகளைச் சேர்க்கச் சேர்க்க எழுத்தின் கொள்ளளவும் கூடும். அதற்குக் கொடுக்கும் விலை, கேள்விகளை முன்கூட்டியே தீர்மானித்து அவற்றுக்கேற்ப அட்டவணைகளை அமைக்க வேண்டியிருப்பது. ‘தோட்டப்பாளையத்தில், சமையல் வசதியுடன், தரைத்தளத்தில், வருகிற திங்கள் முதல் ஐந்து நாளுக்கு’ என்று ஒருவர் கேட்டால், போஸ்ட்கிரஸில் அது ஒரு வினவல். இங்கே அதற்கென்று தனி அட்டவணையோ தனித் தேடல் அமைப்போ வேண்டும்.

ஒத்திசைவிலும், அதாவது எல்லாப் படிகளும் ஒரே தகவலைத் தருவதிலும், கவனம் தேவை. கசாண்ட்ராவில் ஒரே இடத்தில் இருவர் எழுதினால், நேரமுத்திரையில் பிந்தியவர் வெல்வார் என்பதே இயல்பான விதி. முகநூல் நிலைத்தகவலுக்கு அது பொருந்தும். அறைச் சாவிக்குப் பொருந்தாது, ஏனென்றால் முந்தியவர் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தம் அறையை இழந்திருப்பார். ‘காலியாக இருந்தால் மட்டும் எழுது’ என்ற நிபந்தனை எழுத்து அதில் உண்டு. ஆனால் அதற்குக் கணினிகளுக்கிடையே பல சுற்றுப் பேச்சு நடக்க வேண்டியிருப்பதால் வேகம் குறையும். டைனமோடிபியில் நிபந்தனை எழுத்து எளிது. 2018 முதல் பல வரிகளை ஒரே பரிவர்த்தனையில் எழுதவும் முடிகிறது. ஆனால் 24 மணி நேரக் கணக்கை அதில் வைப்பதற்கு, ஒவ்வொரு அறையின் நேரத்தையும் மணிக்கணக்கான துண்டுகளாக வெட்டி, ஐந்து நாள் தங்கலுக்கு 120 துண்டுகளைப் பிடிக்க வேண்டும். ஒரு பரிவர்த்தனையில் 100 வரிகள்தாம் அனுமதி என்பதால் அந்த அமைப்பே உடைந்துவிடுகிறது. மூன்று மணி நேரத் துண்டுகளாக வெட்டினால் 40இல் முடியும் என்பது உண்மைதான்; ஆனால் நம் தொழிலின் இயல்பைத் தரவுத்தளத்துக்காக வளைக்கத் தொடங்கிவிட்டோம் என்பதற்கு அதுவே அடையாளம். அங்கேயும் உறுதியான படிப்புக்கு ஆகும் செலவில் பாதிதான், சற்றுப் பழையதாக இருக்கக்கூடிய படிப்புக்கு ஆகிறது. பழைமைக்கும் துல்லியத்துக்கும் இடையே ஒரு விலைப்பட்டியலே இருக்கிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

மூன்றாவது வழி, பரவலாக்கப்பட்ட எஸ்.க்யூ.எல்., அதாவது போஸ்ட்கிரஸ் போன்ற வினவல் மொழியும் பரிவர்த்தனையும் உள்ள தரவுத்தளத்தையே பல கணினிகளில் விரிப்பது. கூகுள் 2012இல் ஸ்பேனரைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில், அணுக் கடிகாரங்களையும் ஜி.பி.எஸ். கருவிகளையும் கொண்டு தன் தரவு மையங்களின் நேரத்தை நெருக்கமாக ஒத்திசைத்து, உலகம் முழுவதும் பரவிய தரவுத்தளத்தில் முறையான பரிவர்த்தனைகளை நடத்திக்காட்டியது. காக்ரோச்டிபி, யுகாபைட்டிபி ஆகியவை அந்தச் சிறப்புக் கடிகாரங்கள் இல்லாமல், பெரும்பான்மைக் கணினிகள் ஒப்புக்கொண்டால்தான் எழுத்து செல்லும் என்ற வழியில் அதே இலக்கை நோக்கிச் செல்பவை. எழுத்தும் விரிய வேண்டும், பரிவர்த்தனையும் வேண்டும் என்கிறவர்களுக்கு இதுவே சரியான வழி; இந்த மூன்றில் பொறியியல் அழகு மிகுந்தது இதுதான் என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குறைந்தது மூன்று கணினிகள் எப்போதும் ஓட வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் அவற்றில் இரண்டின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். போஸ்ட்கிரஸின் மொழியைப் பேசினாலும் அதன் அம்சங்கள் எல்லாவற்றையும் எதிர்பார்க்க முடியாது. விநாடிக்கு 21 முயற்சிகளுக்காக இத்தனையையும் சுமப்பதற்கு என்னால் நியாயம் காண முடியவில்லை.

ஆகவே முதன்மைத் தரவுத்தளம் போஸ்ட்கிரஸ் என்பதே என் முடிவு. அறைகளின் படங்களும் தங்குகிறவர்களின் அடையாளச் சான்றுகளும் அதற்குள் போகக் கூடாது. அவற்றுக்கு அமேசானின் எஸ்3 போன்ற, கோப்புகளை அப்படியே வைத்துக்கொள்ளும் சேமிப்பகம் இருக்கிறது. 2006இல் தொடங்கிய எஸ்3, 2020 டிசம்பரில் இருந்து, எழுதிய உடனே புதியதையே படிக்கத் தருகிறது. அதற்கு முன் மாற்றி எழுதிய படம் சிறிது நேரம் பழையதாகவே தெரியக்கூடும் என்ற கவலை இருந்தது. சான்றுகளை மட்டும் தனிப் பகுதியில், குறியாக்கத்துடன், குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு தானாக அழியும்படி வைக்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்களின் விவரங்களை அரசுக்கு அனுப்ப வேண்டியிருப்பதால் வங்கதேசத்திலிருந்து வருகிறவர்களின் கடவுச்சீட்டுப் படிகள் எங்களிடம் வந்து சேருகின்றன. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், அவை எந்தக் கேஷிலும் ஒரு கணம்கூடத் தங்கக் கூடாது.

சிலேட்டை எங்கே மாட்டுவது

கேஷ் வைக்க நான்கு இடங்கள் உண்டு: படங்களின் படிகளைப் பயனரின் கைபேசிக்கு அருகில் வைத்துத் தரும் சர்வர் வலையமைப்பான சி.டி.என்., எங்கள் செயலி சர்வரின் சொந்த நினைவகம், எல்லாச் சர்வர்களுக்கும் பொதுவான மெம்கேஷ்டு, அதே இடத்தில் ரெடிஸ். சி.டி.என். பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. படத்தின் பெயரிலேயே அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட குறியீட்டைச் சேர்த்துவிட்டால், படம் மாறும்போது பெயரும் மாறிவிடும். ஓராண்டு ஆயுள் கொடுத்தாலும் பழைய படம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மெம்கேஷ்டா ரெடிஸா என்ற கேள்விக்குப் பலரும் உணர்ச்சியோடு பதில் சொல்கிறார்கள். 2003இல் லைவ்ஜர்னல் தளத்துக்காகப் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதிய மெம்கேஷ்டு, சாவி கொடுத்தால் மதிப்புத் தரும், நினைவகம் நிரம்பினால் நெடுநாள் தொடாததைத் தூக்கி எறியும், அவ்வளவுதான். அதிலிருப்பது தொலைந்தே தீரும் என்று எல்லோருக்கும் தெரிவதால் யாரும் அதை ரிஜிஸ்டராக நினைத்து ஏமாறுவதில்லை. இதை நான் ஒரு நற்பண்பாகவே மதிக்கிறேன். 2009இல் சல்வத்தோரே சான்ஃபிலிப்போ வெளியிட்ட ரெடிஸ், பட்டியல்கள், வரிசைப்படுத்திய தொகுப்புகள், செய்தி பரப்பல், வட்டில் சேமித்தல் எனப் பல வசதிகளைத் தருகிறது. அந்த வசதிகளால்தான் ஆபத்தும் வருகிறது. வட்டில் எழுதுகிறதே என்று நம்பி அறைப்பூட்டையோ (ஓர் அறையை ஒருவருக்காகப் பிடித்துவைக்கும் குறிப்பு) பணம் கட்டிய நிலையையோ அதில் மட்டும் வைத்தால், ஒவ்வொரு எழுத்தையும் வட்டில் தொடர்ந்து பதியும் வசதியை இயக்கியிருந்தாலும், அதன் வழக்கமான அமைப்பில் விநாடிக்கு ஒரு முறைதான் வட்டில் உறுதியாக எழுதுகிறது என்பதால் கடைசி ஒரு விநாடி தொலையலாம். அதன் நகல்களுக்கும் எழுத்து காத்திராமலே அனுப்பப்படுவதால், முதன்மை விழுந்து நகல் பொறுப்பேற்கும்போது, கொடுத்த பூட்டு கொடுக்கப்படாததாகிவிடலாம். ரெடிஸைத் தேர்ந்தெடுத்தோம், ஆனால் தொலைந்தால் வருந்தாதவற்றை மட்டுமே அதில் வைப்பது என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். 2024 மார்ச்சில் ரெடிஸின் உரிமம் மாறியபோது லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கி என்ற கிளை பிறந்தது. எங்கள் தேவைக்கு இரண்டும் ஒன்றே, மேகச் சேவையில் எது மலிவோ அது போதும்.

எதை, எவ்வளவு நேரம் என்பதுதான் கருவியைவிட முக்கியமான கேள்வி. லாட்ஜின் பெயர், முகவரி, வசதிகள் ஒரு மணி நேரம் பழையதாக இருந்தாலும் யாருக்கும் கேடில்லை. வாடகை அப்படியல்ல, காட்டிய தொகைக்கும் வாங்கும் தொகைக்கும் வேறுபாடு வந்தால் நம்பிக்கை போய்விடும் என்பதால், மேலாளர் வாடகையை மாற்றிய உடனே தரவுத்தளத்தில் எழுதிவிட்டு, கேஷில் இருக்கும் படியை அழித்துவிடுகிறோம். புதிய மதிப்பைக் கேஷில் எழுதுவதைவிட அழிப்பதே நல்லது. இரண்டு பேர் அடுத்தடுத்து மாற்றும்போது, கேஷுக்குப் போகும் இரண்டு எழுத்துகள் வரிசை மாறிப் போய்ச் சேர்ந்து, பழையதே நிலைத்துவிட வாய்ப்புண்டு. காலி அறைகளின் எண்ணிக்கையைப் பட்டியல் பக்கத்துக்காக மட்டும் 15 விநாடி ஆயுளுடன் வைக்கிறோம். ‘பதிவு செய்’ பொத்தானை அழுத்திய பிறகு நடக்கும் எதுவும் கேஷைத் தொடாது.

தீப நாளின் சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ரெடிஸைப் பல கணினிகளாக விரித்தாலும் அது சாவிகளை 16,384 கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு கணினியிடம் ஒப்படைக்கிறது. திருவண்ணாமலை, தீப நாள் என்ற ஒரே சாவியை எல்லோரும் கேட்டால், எத்தனை கணினிகள் இருந்தாலும் சுமை முழுவதும் ஒன்றின் தலையில்தான் விழும். அதைவிட மோசமானது, அந்தச் சாவியின் ஆயுள் முடியும் கணத்தில் காத்திருக்கும் நூற்றுக்கணக்கான கோரிக்கைகள் ஒரே நேரத்தில் தரவுத்தளத்தின் மேல் பாய்வது. சாத்தியிருந்த கோயில் நடை திறந்ததும் கூட்டம் ஒரே வாசலில் நெருக்குவது போன்றது அது. பேஸ்புக் பொறியாளர்கள் 2013இல் மெம்கேஷ்டு பற்றி எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு டோக்கன் முறையைச் சொல்கிறார்கள்: சாவி காலியானதும் முதலில் கேட்டவருக்கு மட்டும் டோக்கன் கொடுத்து, அவர் போய்த் தரவுத்தளத்திலிருந்து எடுத்துவரும் வரை மற்றவர்களைச் சற்றுப் பொறுக்கச் சொல்வது அல்லது பழையதைக் கொடுத்து அனுப்புவது. நாங்கள் அதையே எளிய வடிவில் செய்கிறோம். அத்துடன் ஒவ்வொரு செயலி சர்வரின் சொந்த நினைவகத்திலும் இரண்டு விநாடி ஆயுளுடன் ஒரு படி வைக்கிறோம். நான்கு சர்வர்கள் இருந்தால், எத்தனை லட்சம் பேர் கேட்டாலும், அந்தச் சாவிக்காக ரெடிஸுக்குப் போவது விநாடிக்கு இரண்டே கேள்விகள். சாவிகளின் ஆயுளில் சில விநாடிகளைத் தற்செயலாகக் கூட்டிக் குறைப்பதால் அவை ஒன்றாகக் காலியாவதும் இல்லை.

தூரமும் அறுந்த இணைப்பும்

அமேசானின் மும்பை மையம் 2016இலும் ஐதராபாத் மையம் 2022இலும் தொடங்கின. மைக்ரோசாஃப்டின் அஷூருக்கு 2015 முதல் சென்னையில் மையம் இருக்கிறது. ஒளி கண்ணாடி இழையில் விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்கிறது. வேலூரிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 140 கி.மீ. என்றால், போய்வர இயற்கை விதிக்கும் கீழ்வரம்பு 1.4 மில்லி விநாடி. சாலை வழியே 1,200 கி.மீ. அளவில் இருக்கும் மும்பைக்கு 12 மில்லி விநாடி. நடைமுறையில் இதைவிடக் கூடும் என்றாலும், கைபேசியில் அறை தேடுகிறவர் இந்த வேறுபாட்டை உணரமாட்டார். செயலியும் தரவுத்தளமும் கேஷும் ஒரே மையத்தில் இருப்பதுதான் முக்கியம். ஒரு பக்கத்துக்கு 20 வினவல்கள் போகும்போது ஒவ்வொன்றும் ஊர் தாண்டிப் போய்வந்தால், மில்லி விநாடிகள் கூடிக் கால் விநாடியாகிவிடும். தனித்தனி மின்சார வசதியுள்ள மூன்று வளாகங்கள் இருப்பதாலும் எங்களுக்குப் பழக்கம் என்பதாலும் மும்பையிலேயே இருக்கிறோம்.

உண்மையான தொலைவு மும்பைக்கு இல்லை, லாட்ஜ் கவுன்டருக்கு இருக்கிறது. மின்சாரம் போய் மோடம் அணைந்துவிட்டால் கவுன்டரில் இருக்கும் டேப்லெட் மேகத்திலிருந்து துண்டிக்கப்படுகிறது. ஆனால் வாசலில் நிற்கிற ஆளை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. இணைப்பு அறுந்தால், ஒத்திசைவு அல்லது இடைவிடாத சேவை, இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று எரிக் புரூவர் 2000இல் முன்வைத்து, கில்பர்ட்டும் லிஞ்சும் 2002இல் நிறுவிய தேற்றம் இங்கே கவுன்டர் மேசையின் மேலேயே நிற்கிறது. எந்தத் தரவுத்தளத்தை வாங்கினாலும் இது தீராது. நாங்கள் கண்ட வழி, அறைகளை முன்கூட்டியே பங்கிட்டுவிடுவது. 25 அறைகளில் 15 கவுன்டருக்கு, 10 இணையத்துக்கு. இணைப்பு இல்லாதபோது மேலாளர் தம் 15க்குள் யாரையும் கேட்காமல் சாவி கொடுக்கலாம். இணையம் தன் 10க்குள் அவரைக் கேட்காமல் விற்கலாம். ஒரு பக்கம் தீர்ந்து மறுபக்கத்திலிருந்து கடன் வாங்கும்போது மட்டும்தான் இருவரும் பேச வேண்டும். இணையப் பங்கில் தங்கியிருப்பவர் நீட்டிப்புக் கேட்டால், கவுன்டர் பங்கிலிருந்து ஓர் அறை இணையத்துக்குக் கைமாற வேண்டும் என்பதையும் விதியாக்கியிருக்கிறோம். ஓர் அறை சும்மா கிடக்கும் இழப்பு சில நாட்களில் இருக்கத்தான் செய்கிறது. அதை ஏற்றுக்கொள்ள லாட்ஜ் உரிமையாளர்களைச் சம்மதிக்கவைக்க, மென்பொருளை எழுதியதைவிட அதிக நாட்களைச் செலவிட்டோம்.

இந்த அமைப்பை மாற்ற எப்போது முன்வருவேன் என்றால், எழுத்தின் கணக்கு அறைகளைப் பொறுத்ததாக இல்லாமல் போகும்போது. அறைக்கதவுகளில் மின்னணுப் பூட்டுகள் வந்து ஒவ்வொரு திறப்பும் பதிவாக வேண்டும் என்றால், அந்தப் பதிவுகளை மட்டும் டைனமோடிபிக்கோ கசாண்ட்ராவுக்கோ கொண்டுபோவேன். அங்கே ஒன்றை மற்றொன்று அழிக்கும் பேச்சே இல்லை, சேர்த்துக்கொண்டே போவதுதான். பல மாநிலங்களில் கிளை பரப்பி, ஒவ்வோர் இடத்திலும் உள்ளூர் வேகத்தில் பரிவர்த்தனை வேண்டும் என்ற நிலை வந்தால் யுகாபைட்டிபியை மீண்டும் எடுத்துப் பார்ப்பேன்.

புதிய அமைப்பை நிறுவிய பிறகு, கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், முன்பு தவறு நடந்த அதே லாட்ஜின் கவுன்டரில் உட்கார்ந்துகொண்டு ரெடிஸை முழுவதுமாக நிறுத்தச் சொன்னேன். பட்டியல் பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி மெதுவானது. முன்பதிவுகள் தொடர்ந்து நடந்தன. ஒரே அறைக்கு வேண்டுமென்றே இரண்டு கைபேசிகளிலிருந்து பதிவு செய்தபோது ஒன்று ஏற்கப்பட்டு மற்றொன்று மறுக்கப்பட்டது. ஒரு குறை மட்டும் அன்று தெரிந்தது. மேலாளர் ஒரு நீட்டிப்பைப் பதிந்து, உடனே தம் திரையைப் புதுப்பித்தபோது, பழைய தேதியே இருந்தது. பதியவில்லை என்று நினைத்து மறுபடி பதியப் போனார். அவருடைய திரை படிப்பு நகலிலிருந்து வந்துகொண்டிருந்தது, நகல் சில கணங்கள் பின்தங்கியிருந்தது. இப்போது லாட்ஜ் மேலாளர்களின் திரைகள் அனைத்தும் முதன்மைச் சர்வரிலிருந்தே படிக்கின்றன. நகல்கள் பொதுமக்களின் தேடலுக்கு மட்டும்.